ஊரைச் சுமந்த உடல்: பி.ஜே. ஆன்டனியும் குணச்சித்திரக் கலையும்

(இடப்பள்ளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கத்துக்கு வர இடப்பள்ளிச் சந்திப்பைக் கடக்காமல் முடியாது. இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் அங்கே சந்திக்கின்றன. ஒன்று சேலத்தில் புறப்பட்டுக் கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர் வழியாக வரும் 544. மற்றொன்று கடலோரமாகவே ஓடும் 66; அதில் வடக்கே திரும்பினால் கொடுங்கல்லூர் வரும். இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட மனிதரின் கலை இந்த இரண்டு சாலைகளோடும் தொடர்புடையது. அவர் பிறந்த பச்சாளமோ இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவுதான். பி.ஜே. ஆன்டனி என்ற பெயரை மலையாள நண்பர்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவரைச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்த மேடை அதற்கு வாய்த்தது.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நாடகத்திலும் சினிமாவிலும் நாயகனாகவோ நாயகியாகவோ அல்லாமல் ஒரு தனிப்பட்ட மனிதராக உருவெடுத்து வருகிறவரைத் தமிழில் குணச்சித்திர நடிகர் என்கிறோம். அழகான சொல். குணத்தைச் சித்திரமாகத் தீட்டுகிறவர் என்று பொருள். துணை நடிகர் என்ற சொல்லும் நம்மிடம் உண்டு. ஆனால் அது ஊதியப் பட்டியலுக்கு உரிய சொல். குணச்சித்திரம் என்பதே கலைக்கு உரிய சொல்.

குணம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைச் சித்திரமாக்குவது எப்படி? தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. உள்ளத்தில் எழுவது உடலில் தெரிவதுதான் மெய்ப்பாடு. மெய் என்றால் உடல். நம் இலக்கணம் உணர்ச்சியின் இருப்பிடமாக உடலைக் கண்டது. குணச்சித்திர நடிப்பின் அடிப்படையும் இதுதான். நாயகனுக்கு ஒரு முகம் போதும். அவன் எந்த ஊர், என்ன தொழில், யாருக்கு எவ்வளவு கடன் என்று நாம் கேட்பதில்லை. குணச்சித்திர நடிகர் வந்து நின்றவுடனே அவர் எந்த வயலில் குனிந்தவர், எந்தத் திண்ணையில் உட்கார்ந்தவர், யார் முன்னால் தோள்துண்டை எடுத்தவர் என்பது தெரிந்துவிட வேண்டும். அவர் தன் உடலில் ஓர் ஊரைச் சுமந்து வருகிறார். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றவை எல்லாம் இதற்குச் சான்றுகள்.

*

முதலில் சேலத்துச் சாலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தமிழ்ச் சங்கீத நாடகக் குழுக்கள் மலையாள நாட்டுக்கு வந்து கொட்டகை போட்டன. ஆர்மோனியம், திரைச்சீலை, ராஜபார்ட், ஸ்திரீபார்ட், விடியவிடியப் பாட்டு. அந்த மாதிரியைப் பின்பற்றி மலையாளத்திலும் நாடகங்கள் எழுந்தன. கொச்சி ராஜ்ஜியத்தைச் சேர்ந்த டி.சி. அச்சுதமேனோன் 1892இல் எழுதிய 'சங்கீத நைஷதம்' அவற்றில் பெயர் பெற்றது. பின்னாளில் இந்தக் கொச்சிக் கோட்டைப் பகுதியிலிருந்தே அகஸ்டின் ஜோசப் பாகவதர் என்ற பெரிய மேடைப் பாடகர் வந்தார். பாடகர் யேசுதாஸின் தந்தை அவர்.

சினிமாவும் அதே சாலையில்தான் வந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம், இயக்கியவர் எஸ். நொட்டாணி. மலையாளம் திரையில் முதன்முதலில் பேசியது சேலத்தில் எடுத்த படத்தில்.

அதே வழியில் எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. கண்ணூர்ப் பக்கத்தில் பிறந்த ஒரு சிறுவன் தந்தையை இழந்து, ஊட்டியில் உறவினர் வீட்டில் வளர்ந்து, பதின்மூன்று வயதில் நவாப் ராஜமாணிக்கத்தின் ஸ்ரீ தேவி பால விநோத சங்கீத சபாவில் சேர்ந்தான். 1935இல் 'பக்த ராமதாஸ்' படத்தில் முகம் காட்டினான். அந்தச் சிறுவன்தான் எம்.என். நம்பியார். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் அவர் வேடத்துக்கு மேல் வேடம் மாற்றி வருவதைப் பாருங்கள். ஒவ்வொரு வேடத்துக்கும் நடை மாறும், முதுகு மாறும், பேச்சின் இழுப்பு மாறும். அந்தச் சபா போன்ற பாய்ஸ் கம்பெனி கொடுத்த படிப்பு அது. அங்கே ஒரு பையன் இன்று தோழியாக நிற்பான், நாளை சேவகனாக வருவான், குரல் உடைந்தபின் ராஜபார்ட்டோ பபூனோ ஆவான். எல்லா வேடத்தையும் சுமந்து பழகிய உடம்பு எந்த வேடத்தையும் சிறிதென்று நினைக்காது.

இங்கிலாந்திலும் இதே படிப்புத்தான் நல்ல குணச்சித்திர நடிகர்களை உண்டாக்கியது. ஊரூராகப் போகும் நாடகக் குழுவில் சேர்ந்து, இன்று அரசனாகவும் நாளை வாயிற்காவலனாகவும் நிற்பது அங்கே நடிகனின் பள்ளிக்கூடம். அப்படி ஒரு குழுவை ஜெஃப்ரி கெண்டல் என்ற ஆங்கில நடிகர் இந்தியாவுக்கே கொண்டுவந்தார். 'ஷேக்ஸ்பியரானா' என்ற அந்தக் குழு பள்ளிக்கூடங்களிலும் அரண்மனைகளிலும் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் போட்டது. அதில் நடித்துப் பழகிய வங்க இளைஞர் உத்பல் தத் பின்னாளில் வங்க மேடையின் தூணாக நின்றார். 'புவன் ஷோம்' படத்துக்காக அவர் தேசிய விருது பெற்றதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த விருதுக்கு மறுபடியும் வருவோம்.

*

இனி பச்சாளம்.

ஆன்டனி 1925ஆம் ஆண்டு முதல் நாள் அங்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் கடற்படையில் சேர்ந்தார். 1946 பிப்ரவரியில் பம்பாயில் தொடங்கிய கடற்படை மாலுமிகளின் கிளர்ச்சி கராச்சி, சென்னை, கொச்சி என்று துறைமுகம் துறைமுகமாகப் பரவியது. சோறு சரியில்லை என்று எழுந்த குரல் அன்னிய ஆட்சிக்கு எதிரான குரலாயிற்று. அந்தக் கிளர்ச்சியில் பங்கெடுத்தவர்களில் ஆன்டனியும் ஒருவர். மேடை ஏறுவதற்கு முன்பே அதிகாரத்தின் முன் நின்று பேசிப் பழகியவர் அவர் என்பது அவருடைய நடிப்பைப் புரிந்துகொள்ள உதவும்.

திரும்பி வந்த ஆன்டனி நாடகம் எழுதினார், இயக்கினார், நடித்தார். 'இன்குலாபின்டெ மக்கள்' என்ற அவருடைய நாடகத்தின் பெயரே அந்தக் காலத்தின் மூச்சைச் சொல்லும். சங்கீத நாடகத்தின் ராஜாக்கள் இறங்கிப்போய், கூலிக்காரரும் குத்தகைக்காரரும் மேடைக்கு வந்த காலம் அது. 1952இல் தோப்பில் பாசியின் 'நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி' நாடகம் கேரளம் முழுவதையும் உலுக்கியது. எறணாகுளத்தில் 'பிரதிபா' என்ற பெயரோடு இயங்கிய நாடகச் சூழலில் ஆன்டனி ஒரு மையப் புள்ளி. கதை, நாவல், பாட்டு என்று அவருடைய எழுத்தும் கூடவே ஓடியது.

அந்த மேடையின் நடைமுறையை நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயில் உற்சவம், தேவாலயத் திருநாள், கட்சி மாநாடு என்று எங்கே கூப்பிட்டாலும் வேனில் ஏறிப் போக வேண்டும். இடவப்பாதி எனும் பருவமழை தொடங்கும்வரைதான் வேலை. மேடையில் இரண்டு மூன்று மைக்குகள் மேலிருந்து தொங்கும். மைக்குக்கு நேராக வந்து பேசினால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். ஆனால் மைக்கைத் தேடி வந்து நிற்கிறான் என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. அழுதுகொண்டே இரண்டு அடி நகர வேண்டும். அந்த நகர்வு துக்கத்தால் தள்ளாடுவதுபோல இருக்க வேண்டும். இப்படிப் பத்தாண்டு நின்றவருக்குத் தன் உடம்பு எந்த நொடியில் எங்கே இருக்கிறது என்பது உறக்கத்திலும் தெரியும்.

*

1958இல் தகழியின் 'ரண்டிடங்ஙழி' நாவல் படமானது. குட்டநாட்டுச் சேற்றில் உழைக்கும் கூலிகளின் கதை. ஆன்டனியின் திரைப்பயணம் அங்கே தொடங்குகிறது. வயது முப்பத்துமூன்று. அந்த வயதில் நாயகர்கள் பாதித் தூரம் கடந்திருப்பார்கள். அவர் அப்போதுதான் தொடங்குகிறார். அதுவும் வெள்ளை வேட்டிக் காதலனாக அல்ல, சேற்று மனிதர்களின் கதையில்.

1964இல் வந்த 'பார்கவீ நிலையம்' படத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். வைக்கம் முகம்மது பஷீரின் கதை, அவரே எழுதிய திரைக்கதை, ஏ. வின்சென்டின் இயக்கம். பாழடைந்த வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளராக மது. பார்கவியாக விஜயநிர்மலா. அவள் காதலனாகப் பிரேம் நசீர். பார்கவியின் மீது முறை கொண்டாடும் நாணுக்குட்டனாக ஆன்டனி. அந்தக் காதலைக் கொல்கிறவன் அவன்.

அன்றைய வில்லன்கள் வில்லனாகவே வீட்டுக்குள் நுழைவார்கள். நாணுக்குட்டன் உறவினனாக நுழைகிறான். ஒவ்வொரு பெரிய வீட்டிலும் அப்படி ஓர் ஆள் இருந்திருப்பான். அழைக்காமலே வருவான். சாப்பாட்டு நேரத்துக்கு இருப்பான். அந்த வீட்டுப் பெண்மேல் தனக்கு உரிமை உண்டு என்று யாரிடமும் கேட்காமலே முடிவு செய்திருப்பான். ஆன்டனி அந்த உரிமையைத்தான் நடித்தார். கொலைகாரன் என்பதைவிட 'சொந்தக்காரன்' என்பதுதான் அந்த வேடத்தின் பயங்கரம். அதனால்தான் கிணற்றடியில் நடக்கும் கடைசிச் சண்டைவரை நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பேய்க் கதை என்று சொல்லப்பட்ட படத்தில் பேயைவிட அச்சம் தருபவன் உயிரோடு இருக்கும் அத்தான்தான்.

தமிழில் இதற்கு இணையாக எதைச் சொல்லலாம் என்று யோசித்தேன். அதே 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' நினைவுக்கு வந்தது. நாகேஷ் பேய்க்கதை சொல்ல, டி.எஸ். பாலையா கேட்டுக்கொண்டிருக்கும் காட்சியைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. சிரிப்பு நாகேஷால் வருகிறது என்று நினைக்கிறோம். ஒருமுறை பாலையாவை மட்டும் பாருங்கள். அவர் கேட்கிறார், அவ்வளவுதான். கேட்கக் கேட்கச் செல்வந்தரின் கம்பீரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, இருட்டில் தனியாக விடப்பட்ட பிள்ளையாகிறார். பேசுகிறவரின் கதையை நம்மை நம்பவைப்பது கேட்கிறவரின் உடல். பாலையாவும் மேடையிலிருந்து வந்தவரே. உடன் நிற்பவர் பேசும்போது தன் உடம்பைப் பேசவைக்கும் இந்தத் தேர்ச்சி பாலையாவுக்கும் ஆன்டனிக்கும் பொதுச் சொத்து.

1965இல் 'முறப்பெண்ணு'. எம்.டி. வாசுதேவன் நாயரின் முதல் திரைக்கதை. அதிலும் ஆன்டனி இருந்தார். கதாசிரியருக்கும் நடிகருக்கும் அங்கே தொடங்கிய அறிமுகம் எட்டாண்டு கழித்துப் பலன் தந்தது.

*

இப்போது கொடுங்கல்லூர்ச் சாலைக்குத் திரும்புகிறேன்.

எம்.டி. தன் 'பள்ளிவாளும் கால்சிலம்பும்' என்ற சிறுகதையை விரித்து, 1973இல் 'நிர்மால்யம்' என்ற படத்தை இயக்கினார். அதுதான் அவர் இயக்கிய முதல் படம். நாயகப் பாத்திரம், வெளிச்சப்பாடு. பகவதி கோயிலில் அருள் வந்து ஆடி, தேவியின் வாயாக நின்று ஊருக்குச் சொல் சொல்லும் மனிதர். எம்.டி. முதலில் அந்த வேடத்துக்கு நினைத்தவர் சங்கராடி. செறாயிக்காரர், ஆன்டனியின் மேடைத் தோழர், மலையாளத்தின் மாபெரும் குணச்சித்திர நடிகர்களில் ஒருவர். அந்தச் சங்கராடியே ஆன்டனியின் பெயரைச் சொன்னார். தனக்கு வந்த வாழ்நாள் வேடம் யாருடைய உடம்புக்கு உரியது என்று பார்த்துச் சொன்னார். படத்தில் தாம் வேறொரு வேடத்தில் நின்றார். இந்த ஒரு செயலுக்காகவே சங்கராடியை நான் கும்பிடுவேன்.

கதை உங்களில் பலருக்குத் தெரியும். கோயில் கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. நிவேதனத்துக்கு அரிசி இல்லை. வெளிச்சப்பாடு வாளை ஏந்தி வீடு வீடாகப் போய் அரிசி கேட்கிறார். வேலை கிடைக்காத மகன் தேவியின் வாளையே விற்கத் துணிகிறான். கோயிலுக்கு வந்த இளம் பூசாரியை நம்பிய மகள் கைவிடப்படுகிறாள். ஊரில் அம்மை போடுகிறது. அப்போதுதான் ஊருக்குத் தேவியின் நினைவு வருகிறது. திருவிழா ஏற்பாடாகிறது. வாழ்வின் ஒரே நல்ல நாள் வந்துவிட்டது என்று வெளிச்சப்பாடு நிமிர்கிற அன்றைக்கு, கடன் கொடுத்தவன் தன் வீட்டிலிருந்து வெளியே வருவதைக் காண்கிறார். கவியூர் பொன்னம்மா நடித்த அந்த மனைவி தலை குனியவில்லை. பிள்ளைகளின் பசிக்கு யார் பதில் சொன்னார்கள் என்று கேட்கிறாள். அதன்பிறகு அவர் செம்பட்டு உடுத்திக் கோயிலுக்குப் போகிறார். ஆடுகிறார். வாளால் நெற்றியில் வெட்டிக்கொள்கிறார். வாயில் வழிந்த இரத்தத்தைத் தேவியின் முகத்தில் உமிழ்ந்து, அவள் முன்னாலேயே விழுந்து இறக்கிறார்.

நிர்மால்யம் என்பது முந்திய நாள் தெய்வத்துக்குச் சாத்தி, மறுநாள் விடியலில் களையும் மாலை. அந்த மனிதர்தான் அந்த மாலை.

படம் வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. என் தந்தையார் மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். போட்டில் ஏறி எறணாகுளம் போய்ப் படம் பார்த்துத் திரும்பினோம். காயலில் காற்று வீசிக்கொண்டிருந்தது. அப்பா வழியெல்லாம் பேசவில்லை. மட்டாஞ்சேரி ஜெட்டியில் இறங்கி, பூட்டிய கிடங்குகளின் ஓரமாக நடக்கும்போதுதான் வாய் திறந்தார்.

"பாத்தியாலே? கொடை அன்னைக்கு நம்ம பெரியப்பாவுக்கும் மொதல்ல தோள்பட்டதாம்லே நடுங்கும். கை அப்புறந்தான். இந்த மனுசன் எங்கலே போய்ப் பாத்தாரு?"

என் பெரியப்பா ஊரில் கோமரத்தாடி. சுடலைமாடன் கொடையில் அருள் வந்து ஆடுகிறவர். ஆண்டில் மற்ற நாளெல்லாம் அடுத்தவர் வயலில் கூலி. கொடை அன்று ஊரே அவர் காலில் விழும். மறுநாள் காலை அதே ஊர் அவரைப் பெயர் சொல்லி வேலைக்குக் கூப்பிடும். பச்சாளத்துக் கிறிஸ்தவர் ஒருவர், வள்ளுவநாட்டு வெளிச்சப்பாடாக நடித்ததில், நெல்லைச் சீமைக் கணக்குப்பிள்ளை தன் அண்ணனைக் கண்டார். ஊரைச் சுமந்த உடல் என்று நான் சொல்வது இதைத்தான். ஓர் ஊரை முழுமையாகச் சுமந்தால் அதில் எல்லா ஊரும் வந்துவிடுகின்றன.

பிற்பாடு ஆசிரியப் பணியில் இருந்தபோது அந்தப் படத்தைப் பலமுறை பார்த்தேன். மெய்ப்பாட்டியலைப் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்த முகம் வந்து நிற்கும். எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று இளிவரல். தாழ்ச்சி, இழிவுணர்வு. பிணி, மூப்பு, வருத்தம், மென்மை ஆகியவற்றால் அது பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். படத்தின் பெரும்பகுதியில் ஆன்டனி நிற்பது இந்த ஒன்றில்தான். அரிசி கேட்கும்போதும், மகன் முன்னால் நிற்கும்போதும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதும் அது மாறுவதில்லை. இன்னொன்று வெகுளி. அது பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்றைக் குடிகோள் என்று தொல்காப்பியர் சொல்கிறார். மனைவி, சுற்றம், குடிப்பிறப்பு ஆகியவற்றுக்குக் கேடு சூழ்வது அது என்று உரையாசிரியர் விளக்குவார். அன்று கோயிலில் வெடித்தது அந்த வெகுளி. முழுப் படத்திலும் தேக்கி வைத்த இளிவரல் ஒரே ஆட்டத்தில் வெகுளியாக உடைகிறது. தொடக்கத்திலேயே அவர் உறுமியிருந்தால் இறுதியில் உமிழ்ந்தது வெறும் செய்கையாகப் போயிருக்கும். பதினைந்து ஆண்டு பின்வரிசையில் நின்று பழகியவருக்குத்தான் அந்தப் பொறுமை வரும். நாயகனாகவே வாழ்ந்தவரால் முதல் காட்சியில் அவ்வளவு குனிய முடியாது.

கொடுங்கல்லூரை ஏன் சொன்னேன் என்றால், வாளும் சிலம்பும் ஏந்திய வெளிச்சப்பாடுகள், ஆணும் பெண்ணுமாக, மீன மாதப் பரணியில் திரளுகிற இடம் அது. கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் எடுத்த கோயிலோடு அந்தப் பகவதியை இணைத்துப் பேசும் மரபு நமக்குத் தெரியும். சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் சாலினி என்ற பெண் தெய்வம் ஏறி ஆடுகிறாள். காலில் சிலம்பு, கையில் வாள், வாயில் தெய்வத்தின் சொல் என்ற இந்த உருவம் தமிழ்க் காப்பியத்துக்கும் மலையாளக் கோயிலுக்கும் பொது. நீதி கேட்டு அரசன் முன் சிலம்பை உடைத்தாள் ஒருத்தி. நீதி கேட்டுத் தேவி முன்னாலேயே இரத்தத்தை உமிழ்ந்தான் ஒருவன். ஆன்டனி தன் உடம்பில் ஏற்றிய ஊர் அவ்வளவு பழையது. இளங்கோவைப் படித்த தமிழனுக்கு இந்தப் படம் அயல்மொழிப் படம் ஆகாது.

*

அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது 'நிர்மால்ய'த்துக்குக் கிடைத்தது. சிறந்த நடிகருக்கான விருது ஆன்டனிக்கு. பரத் விருது என்று அந்நாளில் அழைக்கப்பட்ட அந்தப் பட்டத்தை மலையாளப் படத்துக்காகப் பெற்ற முதல் நடிகர் அவர். நடிகர்களுக்கு விருது கொடுக்கும் வழக்கம் 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. உத்தம் குமார், அசோக் குமார், உத்பல் தத், சஞ்சீவ் குமார், நம் எம்.ஜி.ஆர். ஆகியோர் பெற்ற விருது. பெரும் நட்சத்திரங்களின் அந்த வரிசையில் மேடை மனிதர் உத்பல் தத்துக்குப் பின் மற்றொரு மேடை மனிதர் வந்து சேர்ந்தார். படம் வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். துணை வேட நடிகருக்கென்று தனி தேசிய விருது 1984ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதலில் கொடுக்கப்பட்டது. ஆன்டனி நாணுக்குட்டனாகப் படத்தைத் தாங்கி நின்ற காலத்தில் அந்தப் பணியைப் பாராட்ட நாட்டில் ஒரு பெயரே இல்லை. பாலையாவுக்கும் எஸ்.வி. சுப்பையாவுக்கும் அப்படித்தான். 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் பாரதியாக வந்து நம் கண்ணில் பாரதியை நிறுத்திய சுப்பையாவின் காலம் அந்த விருதுக்கு முன்பே முடிந்துவிட்டது.

ஆன்டனி 1973இலேயே ஒரு படத்தை இயக்கவும் செய்தார். படத்தின் பெயர் 'பெரியார்'. நம் ஆலுவா வழியே ஓடும் ஆற்றின் பெயர். அந்தப் படத்தில் நாடக நடிகர் ஒருவரைச் சேர்த்தார். அவர் ஆன்டனியின் நாடகக் குழுவில் பழகியவர், பெயர் திலகன். பின்னாளில் மலையாளத் திரையில் தந்தை வேடம் என்றால் அவர் முகம்தான் என்று ஆயிற்று. துணை வேடத்துக்கான தேசிய விருது 1987ஆம் ஆண்டுப் படங்களுக்கு வழங்கப்பட்டபோது, 'ரிதுபேதம்' படத்துக்காக அதைப் பெற்றவர் திலகன். ஆசானுக்குக் கிடைக்க வழியில்லாத விருது அந்தக் குழுவின் மாணவருக்குக் கிடைத்தது.

அண்மையில் 2023ஆம் ஆண்டுப் படங்களுக்கான அறிவிப்பு வந்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். அதே விருதை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் 'பார்க்கிங்' படத்துக்காக நம் எம்.எஸ். பாஸ்கர். பல ஆண்டுகள் பிறர் முகத்துக்குக் குரல் கொடுத்து உழைத்தவர். மற்றவர் 'பூக்காலம்' படத்துக்காக விஜயராகவன். கேரள மேடையின் பெரும் நாடகாசிரியர் என்.என். பிள்ளையின் மகன். ஒரு தமிழரும் ஒரு மலையாளியும் ஒரே விருதில் கை வைத்தார்கள். சேலத்துச் சாலை இன்னும் திறந்துதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

*

பி.ஜே. ஆன்டனி 1979 மார்ச் 14 அன்று காலமானார். ஐம்பத்துநான்கு வயது. திரையில் இருந்தது இருபத்தோரு ஆண்டு. அதில் நாயகன் என்று உலகம் அவரைக் கொண்டாடியது அந்த ஒரு படத்துக்காக. மற்ற ஆண்டுகள் வீணாயின என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஆண்டுகள்தான் அந்தப் படத்தை நடித்தன.

ஆனால் அவருடைய மேடை எங்கே? அவர் நடித்த நாடகங்களில் அவர் குரல் எப்படி இருந்தது, எந்த வசனத்தில் நின்றார், எந்த இடத்தில் மைக்கை நோக்கி நகர்ந்தார் என்பதை அறிய இன்று நமக்குச் சுருள் இல்லை. திரை அவரைக் காத்தது. மேடை அவரோடு போயிற்று. நம் பாய்ஸ் கம்பெனிக் கலைஞர்கள் பெரும்பாலோர் கதையும் இதுதான்.

எனவே இந்த அவையின் முன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, தமிழ்ப் பிள்ளைகளை உட்காரவைத்து 'நிர்மால்யம்' காட்டுங்கள். காட்டுமுன் வேட்டுவ வரியை ஒருமுறை படித்துக்காட்டுங்கள். மொழிபெயர்ப்பு வரிகூட அவர்களுக்குத் தேவைப்படாது.

இரண்டாவது, இடப்பள்ளியிலும் பச்சாளத்திலும் மட்டாஞ்சேரியிலும், ஒரு காலத்தில் நாடக வேனில் ஏறிப் போனவர்கள் முதியவர்களாக இன்னும் இருக்கிறார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கலாம். ஸ்திரீபார்ட் போட்டவர், ஆர்மோனியம் வாசித்தவர், திரை இழுத்தவர் யாராக இருந்தாலும் சரி. உங்கள் கையில் இருக்கும் செல்பேசியில் ஒலிப்பதிவு வசதி இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் அவர் எதிரில் உட்காருங்கள். பேசச் சொல்லுங்கள். நடக்கச் சொல்லிப் பாருங்கள். என் பெரியப்பாவின் தோள்பட்டை எப்படி நடுங்கியது என்பதை இன்று சொல்ல என்னைத் தவிர யாரும் இல்லை. அந்த நிலை வேறு யாருக்கும் வர வேண்டாம்.